முதல் கடவுச்சீட்டும் வழிவழிக் குடியுரிமையும்: இலங்கை மலையகத் தமிழரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் குடியுரிமையைப் பிறப்பால் பெற்றோர்க்கு அதனைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. விண்ணப்பித்துப் பெறுவோர்க்கோ அது குறிப்பிட்ட ஒரு நாளில், ஒரு பதிவெண்ணுடன், சான்றிதழாகக் கைக்கு வருகின்றது. அச்சான்றிதழைக் கொண்டே அவர்கள் தம் முதல் கடவுச்சீட்டைப் பெறுகின்றனர். அதனையடுத்து எழும் வினா, தமக்குக் கிடைத்த உரிமை தம் மக்களையும் சேருமா என்பதாகும். சான்றிதழுக்கு முன் பிறந்த பிள்ளைக்கும் பின் பிறந்த பிள்ளைக்கும் இதில் வேறுபாடு உண்டா என்பது அவ்வினாவின் தொடர்ச்சி. சட்ட நூல்கள் இவற்றுக்கு விதிகளாக விடை கூறுகின்றன. அவ்விதிகள் ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வில் எவ்வாறு இயங்கின என்பதை வரலாற்றின் வழியாகவே அறிய இயலும்.

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர், 1948-இல் அந்நாட்டுக் குடிமக்கள் அல்லர் என விலக்கப்பட்டனர். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் இரு நாடுகளின் பதிவேடுகளுக்கு இடையில் அவர்கள் வாழ நேர்ந்தது. 1948 முதல் 2003 வரை இயற்றப்பட்ட சட்டங்களையும் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகளையும் அடிப்படையாகக் கொண்டு, பதிவால் பெற்ற குடியுரிமை அடுத்த தலைமுறைக்குச் சென்ற முறையை இக்கட்டுரை ஆராய்கின்றது. தந்தை குடியுரிமை பெற்றாரா என்பதைக் காட்டிலும், எந்நாளில் பெற்றார், அந்நாளில் பிள்ளை பிறந்திருந்ததா என்பதே இவ்வரலாற்றில் முடிவான இடம் பெற்றது என்பதும், இம்மக்களிற் பெரும்பகுதியினரின் முதல் கடவுச்சீட்டு நாட்டை விட்டு நீங்குவதற்கான ஆவணமாகவே அமைந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

சொல்லும் பொருளும்

குடியுரிமை என்னும் சொல்லின் முதற்பகுதியாகிய ‘குடி’, பழந்தமிழில் வீடு, குடும்பம், குலம், அரசின் ஆட்சிக்குட்பட்ட மக்கள் எனப் பல பொருள்களில் வழங்கியது. திருக்குறளில் குடிமை என 96-ஆம் அதிகாரமும், குடிசெயல்வகை என 103-ஆம் அதிகாரமும் அமைந்துள்ளன. இவ்விரண்டிலும் குடி என்பது வழிவழி வந்த குலத்தையே முதன்மையாகக் குறிக்கின்றது. நாட்டின் உறுப்பினர் என்னும் இக்காலப் பொருள் அச்சொல்லின் மீது பின்னரே ஏற்றப்பட்டது. கடவுச்சீட்டு என்பதிலுள்ள ‘கடவு’ என்பதற்கு வழி என்று பொருள். வழி என்னும் சொல்லோ, நடந்து செல்லும் பாதையையும் குலத்தொடர்ச்சியையும் ஒருங்கே உணர்த்துவது. வழித்தோன்றல், வழிமுறை, வழிவழி முதலான ஆட்சிகளை இங்கு எண்ணிப் பார்க்கலாம். இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று தொட்டும் முரணியும் நின்ற வரலாறாகவே மலையகத் தமிழரின் குடியுரிமை வரலாறு அமைந்துள்ளது.

இலங்கைத் தமிழ் வழக்கில் குடியுரிமை ‘பிரசாவுரிமை’ எனப்படும். தந்தைவழியாக உரிமை பெற்றவர் ‘வம்சாவளிப் பிரசை’ என்றும், விண்ணப்பித்துப் பெற்றவர் ‘பதிவுப் பிரசை’ என்றும் அழைக்கப்பட்டனர். எந்நாட்டுப் பதிவேட்டிலும் இடம்பெறாதவர் ‘நாடற்றவர்’ எனப்பட்டார். ஒரே தோட்டத்து லயத்தில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இம்மூவகையினரோடு இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும் சேர்ந்து வாழ்ந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கடவுச்சீட்டுக்கு முற்பட்ட ஆவணங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் அழைத்துச் செல்லப்பட்டனர். அக்காலத்தில் இரு கரைகளும் ஒரே பேரரசின் ஆட்சியில் இருந்தமையால் இவர்களுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. ஆயினும் இவர்கள் தாளின்றிப் பயணம் செய்தவர் அல்லர். கங்காணிக்கு ஒரு தொழிலாளர் தரவேண்டிய கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. அத்தொகையைத் தீர்த்தால் அவரை விடுவிக்கலாம் என்பது அச்சீட்டின் கருத்து. அச்சீட்டின்றி அவர் வேறொரு தோட்டத்தில் வேலையில் சேர இயலாது. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை நடைமுறைக்கு வந்தது. மாவட்டம், தோட்டம், ஆள் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒவ்வொரு தொழிலாளருக்கும் வழங்கப்பட்டது. இலங்கை அரசு இந்தியக் கரையில் நடத்திய மண்டபம் தொற்றுத்தடை முகாமில் தங்கிச் சோதனைக்குட்பட்ட பின்னரே அவர்கள் கடல் கடந்தனர்.

இவ்வாவணங்களின் பொதுத்தன்மை ஒன்று நோக்கத்தக்கது. துண்டு, தொழிலாளர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதைக் கூறியது. தகர வில்லை, அவர் எத்தோட்டத்துக்குரியவர் என்பதைக் கூறியது. அவர் எந்நாட்டினர் என்பதைக் கூறும் ஆவணம் எதுவும் அவரிடம் இல்லை. அதனைக் கேட்டவரும் இல்லை. 1939 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து இலங்கைக்குக் கூலித்தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடை செய்தபோதுதான் அவ்வினா முதன்முதலாகக் கூர்மை பெற்றது. அதற்குள் பெருந்தொகையினர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தனர்.

1948: வம்சாவளி என்னும் அளவுகோல்

1931-இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் கொள்கை இலங்கையில் ஏற்கப்பட்டபோது, நிலையான குடியிருப்பை மெய்ப்பித்த தோட்டத் தமிழரும் வாக்காளராயினர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த 7 பேர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சௌ. தொண்டமானும், எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். நாடு விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் வம்சாவளி, பதிவு என்னும் இரு வழிகளை மட்டுமே ஏற்றது. இலங்கை மண்ணில் பிறந்தமை தன்னளவில் உரிமை தருவதன்று. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்தவர், தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். அதன்பின் பிறந்தவர்க்கு, அவர் பிறந்த வேளையில் தந்தை இலங்கைக் குடிமகனாக இருந்திருத்தல் வேண்டும். பதிவு வழி மிகக் குறுகியது. பொதுவாழ்வில் சிறப்பான தொண்டு புரிந்தோரை ஆண்டுக்கு 25 பேர் என்னும் வரம்புக்குள் பதிவு செய்யலாம் என்பது அவ்வழியில் அடங்கிய ஒன்று.

1920-இல் ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் பிறந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் தந்தை திருச்சிராப்பள்ளி மாவட்டச் சிற்றூரொன்றில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் இலங்கைக்கு வந்தவர். மகன் தோட்டத்தை விட்டு வேறெங்கும் சென்றதில்லை. ஆயினும் இவர் குடிமகன் அல்லர். இவருக்கு 1945-இல் அதே தோட்டத்தில் ஒரு மகன் பிறந்திருப்பின், அம்மகனின் தந்தை இலங்கையில் பிறந்தவர் ஆதலால் அவர் சட்டப்படி குடிமகனாகலாம். ஆனால் தந்தையின் பிறப்பை மெய்ப்பிக்கும் சான்றிதழ் வேண்டும். பழைய தலைமுறையினர் பலரிடம் அது இல்லை. அதே தந்தைக்கு 1950-இல் பிறந்த மகனோ, தந்தை குடிமகன் அல்லாதவர் ஆதலால் சான்றிதழ் இருப்பினும் குடிமகனாக இயலாது. உடன்பிறந்தார் இருவரை 1948 நவம்பர் 15 என்னும் நாள் பிரித்தது. நாடற்ற நிலையும் தந்தையிடமிருந்து மக்களுக்குச் செல்லும் வழிவழிச் சொத்தாயிற்று எனலாம்.

1949: பதிவும் பிள்ளைகளும்

இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் (1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கம்) இக்குறையை நீக்கும் என அரசு கூறியது. திருமணமானவர்க்கு 7 ஆண்டுகளும், மணமாகாதவர்க்கு 10 ஆண்டுகளும், 1946 சனவரி முதல் நாளுக்கு முன்பு இடையறாத குடியிருப்பு இச்சட்டத்தின்படி வேண்டப்பட்டது. பன்னிரு திங்களுக்கு மேற்பட்ட இந்தியப் பயணம் அத்தொடர்ச்சியை அறுத்துவிடும். விண்ணப்பிப்பவரின் குடியிருப்போடு மனைவி, பிள்ளைகளின் குடியிருப்பும் ஆராயப்பட்டது. தாய்வீட்டுக்குப் பேறுகாலத்திற்குச் சென்ற மனைவியும், பாட்டி வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்த பிள்ளையும் குடும்பத்தலைவரின் விண்ணப்பத்தையே வலுவிழக்கச் செய்ய இயலும். உறவைப் பேணுதற்குச் செய்த பயணங்கள் உரிமைக்கு எதிரான சான்றுகளாக மாறின.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னர் நிலைமையை உணர்ந்து விண்ணப்பிக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. 1951 ஆகஸ்டில் காலக்கெடு முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. அவை சுமார் 8,25,000 பேரைத் தழுவியவை. அவர்களுள் இறுதியில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே ஆவர். இதனிடையே 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமக்கள் அல்லாதோர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்.

இச்சட்டங்கள் சிறுபான்மையினர்க்கு எதிரானவை என்னும் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953-இல் அவ்வவை சட்டங்கள் செல்லும் எனத் தீர்த்தது. அத்தீர்ப்பு கூறிய காரணங்களுள் ஒன்று இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இந்தியத் தமிழர் விண்ணப்பித்துப் பதிவுக் குடிமகனாகலாம், அதனால் தம் வழித்தோன்றல்களையும் காத்துக்கொள்ளலாம் என்பது அவ்வவையின் கருத்து. வம்சாவளி அடைத்த கதவைப் பதிவு திறந்துவிடும், பதிவு பெற்றவரிடமிருந்து மீண்டும் வம்சாவளி தொடங்கும் என்பது அதன் உட்பொருள்.

சட்டத்தின் எழுத்தளவில் இது சரியே. பதிவு பெற்ற தந்தைக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளை, பிறப்பு வேளையில் தந்தை குடிமகன் ஆதலால் வம்சாவளிக் குடிமகனே ஆகும். தந்தையின் உரிமை பதிவால் வந்தது, பிள்ளையின் உரிமை வழியால் வந்தது. பதிவுக்கு முன் பிறந்த பிள்ளைகளோ விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டுத் தந்தையுடன் பதிவு பெற வேண்டும். வயது வந்த பிள்ளைகள் தனித்து விண்ணப்பிக்க வேண்டும். ஆயின் பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளப்பட்ட நிலையில், திறந்த கதவு எனக் காட்டப்பட்டது சிலர் மட்டுமே நுழையும் வாயிலாக எஞ்சியது. விண்ணப்பம் நிலுவையில் இருந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் குடிமகன் அல்லாத தந்தைக்கே பிறந்தனர். அலுவலகத்தின் காலத்தாழ்வு ஒரு தலைமுறையின் நிலையை நிர்ணயித்தது.

1964: மக்கள்தொகைப் பங்கீடு

இந்தியாவின் நிலைப்பாடும் இங்குக் கருதத்தக்கது. இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் உறுப்பு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடியுரிமை பெற வழிவகுத்தது. தாய், தந்தை, பாட்டன், பாட்டி ஆகியோருள் எவரேனும் ஒருவர் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருப்பின் போதுமானது. தந்தைவழியை மட்டுமே எண்ணிய இலங்கைச் சட்டத்தோடு இதனை ஒப்பிட்டால், ஒரே மனிதரின் குலவழியை இரு நாடுகளும் வெவ்வேறாகக் கணக்கிட்டமை விளங்கும். ஆயினும் பதிவு செய்யாத எவரையும் இந்தியா தன் குடிமக்களாக ஏற்கவில்லை. 1954-ஆம் ஆண்டின் நேரு–கொத்தலாவல உடன்படிக்கையும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று புதுதில்லியில் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையொப்பமானது. நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக ஏற்பதென 1974 சனவரியில் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. உடன்படிக்கைக்கு உரியோராகிய மக்களின் சார்பாளர் எவரும் இப்பேச்சுகளில் பங்காளராக இருக்கவில்லை.

பிள்ளைகள் இவ்வுடன்படிக்கையில் ‘இயற்கைப் பெருக்கம்’ என்னும் தொடரால் குறிக்கப்பட்டனர். ஏற்கப்படுவோரோடு அவர்தம் இயற்கைப் பெருக்கமும் சேரும் என்பது விதி. குடியுரிமையைப் பெற்றோரிடமிருந்து பிள்ளை பெறும் உரிமையாகக் கருதும் நோக்கு இங்கு மறைந்து, ஒரு தொகையோடு கூட்டப்படும் எண்ணாகப் பிள்ளை கருதப்பட்டது. 7 பேர் இந்தியக் கணக்கில் சேர்ந்தால் 4 பேர் இலங்கைக் கணக்கில் சேர்வர் என்னும் விகிதமும் வகுக்கப்பட்டது. 1967-ஆம் ஆண்டுச் செயலாக்கச் சட்டம் இந்தியக் குடியுரிமை வழங்கப்பட்டமையை இதற்கு அளவாகக் கொண்டது. 1971-ஆம் ஆண்டுத் திருத்தம், அவர்கள் உண்மையில் நாட்டை விட்டு நீங்கியமையை அளவாக்கியது. எழுவர் கப்பலேறிய பின்னரே நால்வர் பதிவு பெறுவர் என்னும் நிலையில், ஒருவரின் உரிமை மற்றொருவரின் பயணத்தைச் சார்ந்ததாயிற்று.

1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் பெறப்பட்டன. இலங்கைக் குடியுரிமை வேண்டியோர் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இந்தியக் குடியுரிமை வேண்டியோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். உடன்படிக்கை வகுத்த தொகைக்கு மக்களின் விருப்பம் நேர்மாறாக இருந்தமையை இது காட்டுகின்றது.

முதல் கடவுச்சீட்டு

இந்தியக் குடியுரிமை பெற்றோர்க்குக் கொழும்பிலும் கண்டியிலும் இருந்த இந்தியத் தூதரக அலுவலகங்கள் கடவுச்சீட்டு வழங்கின. இவர்களிற் பெரும்பாலோர் வாழ்வில் பெற்ற முதல் கடவுச்சீட்டு இதுவே. பாட்டன் துண்டோடு வந்த கடலைப் பேரன் கடவுச்சீட்டோடு கடந்தான். பொதுவாகக் கடவுச்சீட்டு என்பது தன் நாட்டிலிருந்து பிறநாடு சென்று மீள்வதற்கு உதவும் ஆவணம். இவர்களுக்கோ அது பிறந்த நாட்டிலிருந்து, தாம் கண்டறியாத ‘தன் நாட்டுக்கு’ மீளாப் பயணம் செல்லும் ஆவணமாயிற்று. அதனைப் பெற்ற நாள் முதல் அவர்கள் தாம் பிறந்த தோட்டத்திலேயே குறித்த காலம் தங்க இசைவு பெற்ற அயல்நாட்டினர் ஆயினர். வேலையில் இருந்தோர், புறப்படும் நாள் வரையிலோ 55 வயது வரையிலோ பணி தொடரலாம் என உடன்படிக்கை கூறியது.

குடும்பங்கள் பிரிந்தமை இக்கட்டத்தில் நிகழ்ந்தது. தந்தையோடு பதிவு பெற்ற இளம்பிள்ளைகள் அவருடன் சென்றனர். தனித்து இலங்கைக் குடியுரிமை வேண்டிய மூத்த மகன் தங்கினான். இலங்கைக் குடிமகனை மணந்த மகள் தங்கினாள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற தொடர்வண்டியின் பிரிவுத்துயர் மலையக இலக்கியத்தில் ஆழப் பதிந்துள்ளது. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்று ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் பெற்றது. இறந்தோர்க்குரிய ஒப்பாரியை உயிரோடு பிரிந்து செல்வோர்க்கு உரியதாக்கிய அத்தொடர், அப்பயணம் மீளாதது என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும்.

கப்பலில் இராமேசுவரம் வந்து சேர்ந்தோர் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டுக் குடும்ப அட்டை பெற்றனர். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ஆகிய இடங்களிலுள்ள ரப்பர்த் தோட்டங்கள் முதலியன இவர்களின் மறுவாழ்வுக்கென அமைந்தவை. தோட்ட வேலையன்றிப் பிறிதறியாத பலர்க்கு வணிகக் கடனே மறுவாழ்வு உதவியாக வழங்கப்பட்டது. அரசு ஆவணங்களில் இவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். ஊர்மக்கள் இவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றனர். அங்கு இந்தியத் தமிழர் எனப்பட்டவர் இங்குச் சிலோன்காரர் ஆயினர். ஆயினும் வழிவழிக் குடியுரிமை என்னும் அளவில் இவர்களின் சிக்கல் இத்தலைமுறையோடு முடிந்தது. இந்தியாவில் பிறந்த இவர்தம் பிள்ளைகள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். இவ்வரலாற்றில் குடியுரிமை தடையின்றி அடுத்த தலைமுறைக்குச் சென்ற ஒரு கிளை இதுவேயாகும்.

எஞ்சியோர்: 1981 முதல் 2003 வரை

1981 அக்டோபரில் உடன்படிக்கையின் காலம் முடிவுற்றது. புதிய விண்ணப்பங்களை ஏற்பதற்கில்லை என இந்தியா அறிவித்தது. உள்நாட்டுப் போரின் விளைவாக 1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் போக்குவரத்தும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட இயலாமலும், புறப்பட மனமின்றியும் எஞ்சியோர் தொகை ஏறத்தாழ 84,000. இன்னும் ஏறத்தாழ 86,000 பேரின் விண்ணப்பங்கள் முடிவின்றிக் கிடந்தன.

இவர்களின் நிலை முன்னைய நாடற்றோர் நிலையினும் சிக்கலானது. நாடற்றவர்க்கு எந்நாடும் இல்லை. இவர்களுக்கோ எழுத்தில் ஒரு நாடு உண்டு. கடவுச்சீட்டின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எந்தச் சீட்டிலும் இடம்பெறவில்லை. இந்தியச் சட்டத்தின்படி இந்தியக் குடிமகனுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் இந்தியக் குடிமகனாகலாம். ஆனால் இந்தியாவுக்குச் செல்ல எண்ணாத தந்தையின் பிள்ளைக்கு அவ்வுரிமையால் பயனில்லை. இலங்கைச் சட்டத்தின்படியோ குடிமகன் அல்லாதவரின் பிள்ளை குடிமகன் அல்லன். தந்தையின் முதல் கடவுச்சீட்டு பிள்ளையின் இலங்கைக் குடியுரிமைக்குத் தடையாயிற்று.

இந்தியா ஏற்க வேண்டிய 6,00,000 பேரில் 5,06,000 பேரே விண்ணப்பித்திருந்தனர். இடைவெளியாகிய 94,000 பேரை இலங்கை ஏற்பதென 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1988-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோர்க்குத் தனி விண்ணப்பமின்றிக் குடியுரிமை வழங்கியது. எனினும் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றனர்.

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது குடியுரிமை வழங்கியது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரும் உறுதிமொழி அளித்து இலங்கைக் குடிமக்களாக இயன்றது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் பயன்பெற்றனர். இச்சட்டத்தில் வழித்தோன்றல் என்னும் சொல் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. இயற்கைப் பெருக்கம் என்னும் எண்ணிக்கைச் சொல் விலகி, குலத்தொடர்ச்சியைக் குறிக்கும் சொல் அதனிடத்தில் வந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய மற்றொரு திருத்தம், தாயின் வழியாகவும் குடியுரிமை பெறலாம் என்றாக்கியது. பதிவால் பெற்றவர்க்கும் வம்சாவளியால் பெற்றவர்க்கும் எவ்வகை வேறுபாடும் காட்டலாகாது என 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26-ஆம் உறுப்பு முன்னரே கூறியிருந்தது.

முகாம்களில் தொடரும் வினா

1983-க்குப் பின் போரினால் இந்தியாவுக்கு வந்த ஏதிலிகளுள் மலையகத் தமிழரும் அடங்குவர். இவர்களின் முன்னோரும் தமிழ்நாட்டினரே. 1964 உடன்படிக்கைப்படி வந்தவர் குடிமக்களாயினர். அதே தோட்டத்திலிருந்து படகேறித் தப்பிவந்த உறவினரோ ஏதிலியர் ஆயினர். இருவரையும் பிரித்தது கடவுச்சீட்டே. 2003-இல் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ‘சட்டவிரோதக் குடியேறி’ என்னும் வரையறை, உரிய பயண ஆவணமின்றி நுழைந்தோரைப் பதிவுக் குடியுரிமையிலிருந்து விலக்கியது. முன்னர்க் குடியுரிமையின் விளைவாகக் கடவுச்சீட்டு கிடைத்தது. இப்போது கடவுச்சீட்டு இல்லாமை குடியுரிமைக்குத் தடையாயிற்று.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் நிலையும் பிறந்த நாளைப் பொறுத்தே அமைந்தது. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டினராயினும் பொதுவிதிப்படி குடிமகன். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்க்கு, பெற்றோருள் ஒருவர் குடிமகனாக இருப்பினும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது. இதன்படி ஒரே முகாமில் பிறந்த அக்காள் குடிமகளாகவும் தம்பி அயல்நாட்டினனாகவும் அமைய இயலும். 1948 நவம்பர் 15 இலங்கைத் தோட்டத்தில் செய்த பிரிவினையை 1987 சூலை 1 தமிழ்நாட்டு முகாமில் மீண்டும் செய்தது.

1987-க்கு முன் முகாமில் பிறந்த ஒருவர்க்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்க வேண்டுமென 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இந்திய வம்சாவளியினராகிய முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டுமென 2019-இல் அதே கிளை கூறியிருந்தது. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டின்றி நுழைந்தமைக்கான தண்டனை விதிகளிலிருந்து 2025-இல் விலக்களிக்கப்பட்டது. இவ்விலக்கு தண்டனையை நீக்குவது, குடியுரிமை தருவதன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. மலையகத் தமிழர் வரலாற்றில் குடியுரிமை இழப்பு ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை. தந்தைவழியை மட்டுமே ஏற்ற 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்ற நிலையையும் வழிவழியாகச் செல்லச் செய்தது.

2. பதிவால் பெற்ற குடியுரிமை அதன்பின் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவளி உரிமையாக மாறும் என்பது சட்டத்தின் எழுத்து. விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட காலம் நீண்டமையால், அவ்வெழுத்தின் பயன் பெரும்பாலோரைச் சேரவில்லை. பிறந்த நாளுக்கும் பதிவு நாளுக்கும் இடையிலான முன்பின் உறவே பிள்ளையின் நாட்டைத் தீர்மானித்தது.

3. இந்தியக் குடியுரிமை பெற்றோரின் முதல் கடவுச்சீட்டு, பிறந்த நாட்டிலிருந்து நீங்கும் ஆவணமாயிற்று. நீங்காது எஞ்சியோர்க்கு அதுவே தம் பிள்ளைகளின் உரிமைக்குத் தடையாக 2003 வரை நின்றது.

4. இயற்கைப் பெருக்கம் என்பதிலிருந்து வழித்தோன்றல் என்பதற்குச் சட்டத்தின் சொல் மாறியபோதுதான் சிக்கலும் தீர்வை நோக்கிச் சென்றது. பிள்ளையை எண்ணாகக் கருதும் ஏற்பாடும், உரிமைக்குரிய ஆளாகக் கருதும் ஏற்பாடும் வெவ்வேறு விளைவுகளைத் தருவன.

இலங்கையில் 2003-இல் முடிவுக்கு வந்த வினா, இந்திய முகாம்களில் இன்னும் விடை பெறவில்லை. பாட்டன் பிறந்த மண்ணிலேயே பிறந்து, பாட்டனின் மொழியையே பேசி, எந்நாட்டுக் கடவுச்சீட்டும் இன்றி ஒரு தலைமுறை இங்கு வளர்ந்துள்ளது. அவர்களுக்குப் பெற்றோர் வழியாகச் சென்று சேர்ந்திருப்பது முகாம் பதிவேட்டின் எண் மட்டுமே. இந்திய வம்சாவளி என ஓர் உடன்படிக்கையில் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஏற்கப்பட்ட மக்களின் பிள்ளைகளை, வந்த நாளையும் பிறந்த நாளையும் கொண்டு அளப்பதா, வழியைக் கொண்டு அளப்பதா என்பதே இந்தியச் சட்டத்தின் முன் நிற்கும் வினாவாகும்.